கடன் முடிந்த வீட்டுக்குக் காவல் யார்?

சென்ற இடவப்பாதி மழை தொடங்கிய இரண்டாவது வாரத்தில், ஸ்ரீவராகத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் எங்கள் கிளைக்கு வந்தார். நீண்டகால வாடிக்கையாளர். கையில் கயிறு கட்டிய தடித்த கோப்பு ஒன்று. நிரந்தர வைப்பு ஒன்றை முதிர்வுக்கு முன்பே முறிக்க வேண்டும் என்றார். முந்தைய இரவுக் காற்றில் பக்கத்து வீட்டுப் பலாமரம் வேரோடு சாய்ந்து, அவருடைய ஓட்டுக் கூரையின் ஒரு பகுதியையும் சுற்றுச்சுவரில் பதினைந்து அடியையும் நொறுக்கிவிட்டிருந்தது. கொத்தனார் எழுதிக் கொடுத்த மதிப்பீடு 2,80,000 ரூபாய்.

“வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது சார். அந்தப் பணம் வரும்வரை சமாளிக்கத்தான் இது” என்றார். கோப்பை என் மேசைமீது பிரித்தோம். இரண்டு எண்டோமெண்ட் பாலிசிகள், பங்குச் சந்தையோடு இணைந்த பாலிசி ஒன்று, இப்போது முப்பது வயதைத் தாண்டிவிட்ட மகனுக்கு அவன் பள்ளிப் பருவத்தில் எடுத்த குழந்தைகள் பாலிசி, காருக்கு ஒன்று, ஸ்கூட்டருக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில் வீட்டுப் பாலிசி இருந்தது. அது அவர் பெயரிலும் கடன் கொடுத்த எங்கள் வங்கியின் பெயரிலும் சேர்த்து எடுக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டில் வீட்டுக் கடன் முடிந்தது. பாலிசியின் காலமும் அதே ஆண்டில் முடிந்தது. அதன்பின் அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கடன் முடிந்ததற்கான கடிதத்தில் கையெழுத்திட்டவர், இன்று நான் அமர்ந்திருக்கும் நாற்காலியில் எனக்கு முன் இருந்த அதிகாரி. நானாக இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அவர் கோபப்படவில்லை. “அப்படியானால் இத்தனை வருஷம் நான் எதற்குத்தான் பிரீமியம் கட்டினேன்?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

இதை எழுதுபவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்பதை வாசகர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். நான் வங்கி அதிகாரி. வங்கிகள் காப்பீட்டு நிறுவனங்களின் முகவராகவும் செயல்படுகின்றன. ஒரு பாலிசி விற்றால் வங்கிக்குக் கமிஷன் கிடைக்கும். கிளைக்கு இலக்கும் உண்டு. எனவே ஒரு பாலிசியை நான் பாராட்டும்போது சற்றுச் சந்தேகத்தோடு கேட்பதில் தவறில்லை. வேண்டாம் என்று சொல்லும்போது நம்பலாம்.

என் கருத்து இதுதான். சொந்த வீடு உள்ள ஒருவர் காப்பீட்டை வரவாக எண்ணி வாங்கக் கூடாது. தாங்க முடியாத இழப்பு எது என்று முதலில் கேட்க வேண்டும். அதற்கு மட்டும் பாலிசி எடுக்க வேண்டும். கைப்பேசித் திரை உடைந்தால் மாதச் சம்பளம் தாங்கும். குளிர்சாதனப் பெட்டி பழுதானால் சேமிப்பு தாங்கும். கடன் பாக்கியிருக்கும்போது சம்பாதிப்பவர் இறந்தாலோ, வீடே விழுந்தாலோ, மருத்துவமனையில் சில இலட்சங்கள் கேட்டாலோ, நடுத்தரக் குடும்பத்தின் எந்தச் சேமிப்பும் தாங்காது. நம்மிடையே நடப்பதோ இதற்கு நேர்மாறு. சட்டம் வற்புறுத்துவதால் அறுபதாயிரம் ரூபாய் ஸ்கூட்டருக்குத் தவறாமல் காப்பீடு எடுக்கிறோம். வாழ்நாள் உழைப்பால் எழுந்த வீட்டுக்கு எடுப்பதில்லை, கேட்க யாரும் இல்லாததால்.

காப்பீடு இந்த ஊருக்குப் புதிதன்று. திருவிதாங்கூர் அரசு தன் ஊழியர்களுக்காக 1898ஆம் ஆண்டிலேயே, ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில், ஆயுள் காப்பீட்டைத் தொடங்கிவிட்டது. எல்.ஐ.சி. பிறந்தது 1956 செப்டம்பர் 1 அன்று. இன்றும் கேரள அரசு ஊழியர்களின் சம்பளப் பட்டியலில் மாநில ஆயுள் காப்பீட்டுப் பிடித்தம் ஒரு வரியாக இருக்கிறது. அந்தப் பழக்கத்தால்தானோ என்னவோ, காப்பீடு என்றாலே ஆயுள், ஆயுள் என்றாலே முதிர்வுத் தொகை என்று நம் மனத்தில் படிந்துவிட்டது. வீட்டை யாரும் நினைப்பதில்லை.

வெள்ளத்தில் மூழ்கிய பூமியைத் தூக்கி நிறுத்திய மூர்த்தி நம் தெருவுக்கு அதிபதியாக இருக்கும்போது நமக்கென்ன கவலை என்று ஒரு நண்பர் வேடிக்கையாகச் சொல்வார். குளத்தங்கரையில் நின்று வணங்கும் நானும் அதை மறுக்க மாட்டேன். ஆயினும் 2023 அக்டோபர் 14 இரவு தொடங்கிய மழையில் கண்ணம்மூலை, கௌரீசபட்டம் போன்ற பகுதிகளில் ஆமையிழஞ்சான் தோடு கரை மீறி வீடுகளுக்குள் நுழைந்ததை நகரமே கண்டது. டெக்னோபார்க் வளாகத்திலும் தண்ணீர் புகுந்தது. 2018ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தை மத்திய கேரளத்தின் துயரமாகவே நாம் செய்தியில் பார்த்தோம். அப்போது முற்றிலும் இடிந்த வீட்டை மீண்டும் கட்ட மாநில அரசு அறிவித்த உதவி 4 இலட்சம் ரூபாய். அரசின் உதவி பெரிதே. ஆனால் அந்தத் தொகையில் ஒரு வீட்டின் எந்தப் பகுதிவரை கட்ட முடியும் என்பதை அண்மையில் வீடு கட்டியவர்கள் அறிவார்கள்.

வீட்டுக் காப்பீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுப்படி எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை விற்க வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் பிரீமியம் வேறுபடலாம். அடிப்படை வாசகம் ஒன்றுதான். தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டி அல்லது குழாய் வெடித்துப் பெருகுதல் ஆகியவை அதில் அடங்கும். வெளியிலிருந்து ஒரு பொருள் வந்து மோதுவதும் அடங்கும்; விழும் மரம் அதற்கு உதாரணமாகவே குறிப்பிடப்பட்டிருக்கிறது. கட்டடம் என்பதில் சுற்றுச்சுவர், வாகனக் கொட்டில், தண்ணீர்த் தொட்டி, சூரிய மின்தகடு ஆகியவையும் சேரும். நம் நண்பரின் கோப்பில் இந்தப் பாலிசி இருந்திருந்தால், அவருடைய வைப்பு முதிர்வுநாள்வரை அப்படியே இருந்திருக்கும்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஸ்ரீவராகத்தில் ஐந்து சென்ட் நிலமும் வீடும் விற்றால் என்ன விலை போகும் என்று கணக்கிட்டு, அந்தத் தொகைக்குப் பிரீமியம் கேட்டு மலைத்துப் போகிறவர்கள் உண்டு. நிலத்துக்குக் காப்பீடு இல்லை. அது எரியாது, இடியாது. கட்டடத்தை இன்றைய கூலியிலும் பொருள் விலையிலும் மீண்டும் கட்ட என்ன ஆகுமோ அதுதான் காப்பீட்டுத் தொகை. வீட்டின் உட்பரப்பு 1,200 சதுர அடி, கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காப்பீட்டுத் தொகை 26,40,000 ரூபாய். வீட்டுச் சாமான்களுக்கு அதில் 20 விழுக்காடு, உச்சவரம்பு 10 இலட்சம், தனியே கேட்காமலே சேர்ந்துவிடும். இந்த உதாரணத்தில் அது 5,28,000 ரூபாய். இத்தகைய வீட்டுக்கு ஆண்டுப் பிரீமியம் பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் ஓணப் புடவைச் செலவுக்குள் அடங்கிவிடும். பத்து ஆண்டுகள்வரை சேர்த்தும் எடுக்கலாம். அப்போது காப்பீட்டுத் தொகை ஆண்டுக்கு 10 விழுக்காடு தானாகவே உயரும்.

பழைய பாலிசிகளில் ஒரு முள் இருந்தது. 30 இலட்சம் பெறும் வீட்டை 15 இலட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், 4 இலட்சம் சேதத்துக்கு 2 இலட்சம்தான் கிடைக்கும். பாதிக்குத்தானே காப்பீடு செய்தீர்கள், பாதிதான் என்பார்கள். புதிய பாலிசியில் அந்த விகிதக் கழிவு நீக்கப்பட்டுவிட்டது. அதற்காக வேண்டுமென்றே குறைத்து எழுதுவது புத்திசாலித்தனமன்று. முழு வீடும் போனால் எழுதிய தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் வராது.

இந்தப் பாலிசி தராததையும் சொல்லிவிட வேண்டும். கூரை ஒழுகுவது, சுவரில் ஈரம் ஏறுவது, கதவுநிலையைக் கரையான் தின்பது போன்றவை பராமரிப்புக் குறைகள். அவற்றுக்கு எந்தக் காப்பீடும் பொறுப்பேற்காது. திருட்டும் அப்படியே. வெள்ளம், தீ போன்ற நிகழ்வை ஒட்டி ஏழு நாட்களுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டுமே இதில் இடம் உண்டு. மகன் வீட்டுக்குப் பெங்களூரு போய் ஒரு மாதம் தங்கிவிட்டு வரும்போது பூட்டு உடைந்து கிடந்தால் இது உதவாது. அடிக்கடி வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் செல்பவர்கள் களவுக் காப்பீட்டைத் தனியாகச் சேர்த்துக்கொள்வது நல்லது. எப்போதும் ஆள் இருக்கும் வீட்டுக்கு அது அவ்வளவு அவசியம் என்று நான் நினைக்கவில்லை.

நகை பற்றிக் கேட்காத வாடிக்கையாளர் இல்லை. வீட்டிலுள்ள நகைக்கு அடிப்படைப் பாலிசியில் இடமில்லை. மதிப்பை ஒப்புக்கொண்டு, கூடுதல் பிரீமியம் கட்டித் தனியாகச் சேர்க்க வேண்டும். “நகையெல்லாம் உங்கள் லாக்கரில் பத்திரமாக இருக்கிறதே” என்பார்கள். இங்கே ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, 2022 ஜனவரி 1 முதல், தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கரிலுள்ள பொருளை இழந்தால் வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப்போல் 100 மடங்கு வரைதான். ஆண்டு வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 இலட்சம். இன்றைய பொன் விலையில் அது எத்தனை சவரன் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு, வங்கியின் கவனக்குறைவு இல்லாதவரை, அந்தப் பொறுப்பும் இல்லை. லாக்கரிலுள்ள பொருளுக்கு வங்கியே காப்பீடு விற்கவும் கூடாது என்பது விதி. மூன்று பெண்களின் கல்யாண நகையை ஒரே இடத்தில் வைத்திருப்பவர்கள் வெளியே ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் விசாரிப்பது வீண் செலவன்று. நாலு வளையலும் ஒரு சங்கிலியும் வைத்திருப்பவர்களுக்கு லாக்கரே போதும்.

அடுத்தது உயிர். கடன் உள்ள வீட்டில் ஆயுள் காப்பீடு கட்டாயத் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 35 இலட்சம் ரூபாய் கடன், 20 ஆண்டு, வட்டி 8.5 விழுக்காடு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 30,400 ரூபாய். பத்து ஆண்டு தவறாமல் கட்டியபின் பாதிக் கடன் தீர்ந்திருக்கும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். அப்போதும் பாக்கி ஏறத்தாழ 24.5 இலட்சம் இருக்கும். தொடக்க ஆண்டுகளின் தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடுகிறது. அந்தப் பத்தாம் ஆண்டில் சம்பாதிப்பவர் இல்லாமற்போனால், குடும்பத்தின் கையில் இருப்பது வீடன்று. விற்றுத் தீர்க்க வேண்டிய ஒரு பொறுப்பு.

கடன் கையெழுத்தாகும் நாளில், மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும் என்னைப் போன்ற ஒருவர், கடனோடு இணைந்த ஆயுள் பாலிசி ஒன்றை எடுத்து நீட்டுவார். ஒரே தவணைப் பிரீமியம். கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை, கடனோடு சேர்த்துக்கொள்ளலாம் என்பார். பொய்யில்லை. ஆனால் 1 இலட்சம் ரூபாய் பிரீமியம் கடனோடு சேர்ந்தால், அதே வட்டியில் மாதம் 868 ரூபாய் கூடும். 20 ஆண்டில் கட்டி முடிக்கும்போது அது 2,08,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். மேலும் இவ்வகைப் பாலிசிகள் பெரும்பாலானவற்றில் காப்பீட்டுத் தொகை கடன் அட்டவணையோடு சேர்ந்து குறைந்துகொண்டே வரும். இறந்தவரின் கடன் தீரும்; குடும்பத்தின் அரிசிக்கும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் மிச்சம் அதிகம் இராது.

இதற்குப் பதிலாக, முதிர்வுத் தொகை எதுவும் தராத சாதாரண டெர்ம் பாலிசியைத் தனியாக எடுப்பதே இளம் வயதினருக்கு நல்லது என்பது என் கருத்து. கடன் தொகையோடு சில ஆண்டுக் குடும்பச் செலவையும் சேர்த்துக் காப்பீட்டுத் தொகையை நிர்ணயிக்க வேண்டும். கடனை வேறு வங்கிக்கு மாற்றினாலும் பாலிசி கூடவே வரும். பிரீமியம் கட்டிய பணம் ‘வீணாகப் போகிறது’ என்று வருந்துவோர் உண்டு. வாசலில் நிற்கும் காவலாளிக்குத் திருடன் வராத மாதத்திலும் சம்பளம் தருகிறோம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளின் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை, முன்பு டெர்ம் பாலிசிக்கு 18 விழுக்காடு இருந்தது. கடனோடு இணைந்த பாலிசியை நான் முற்றாகத் தள்ளவும் மாட்டேன். ஐம்பதைக் கடந்தவர், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர், தனியாக டெர்ம் பாலிசி கேட்டால் மறுக்கப்படக்கூடியவர், அவருக்கு அது ஒரு வாய்ப்பு. கேட்டுப் பார்த்து, எழுதிக் கொடுப்பதைப் படித்து வாங்கலாம். இந்த நிறுவனத்தின் பாலிசியை வாங்கினால்தான் கடன் என்று யாரேனும் சொன்னால், அதற்கு விதிகளில் இடமில்லை. வாங்கிவிட்டு மனம் மாறினால், பாலிசி ஆவணம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சிறு கழிவுபோகப் பணம் திரும்ப வரும்.

நம் நண்பரின் மகனும் மருமகளும் கழக்கூட்டத்தில் அடுக்குமாடி வீடு வாங்கியிருக்கிறார்கள். இருவருக்கும் டெக்னோபார்க்கில் வேலை. கடன் இருவர் பெயரிலும். காப்பீடு மகனுக்கு மட்டும். ஏன் என்று தொலைபேசியில் கேட்டேன். “அவளுக்கு எதற்கு அங்கிள்?” என்றார் அந்தப் பிள்ளை. தவணையில் பாதி அவள் சம்பளத்திலிருந்து போகிறது என்பதை அவரே சற்று நேரம் கழித்துச் சொன்னார். என் மேசைக்கு வரும் கூட்டுக்கடன் விண்ணப்பங்களில் இந்தக் குறையை அடிக்கடி காண்கிறேன். இருவர் சம்பளத்தை நம்பி வாங்கிய கடனுக்கு இருவர் உயிரும் ஈடு. அவரவர் வருமானத்தின் விகிதத்தில் இருவருக்கும் டெர்ம் பாலிசி இருக்க வேண்டும். வேலைக்குப் போகாத மனைவியாக இருந்தாலும், அவர் இல்லாதபோது சிறு குழந்தைகளைக் கவனிக்க ஆகும் செலவை எண்ணிப் பார்த்தால், ஒரு சிறு தொகைக்காவது எடுப்பதே நியாயம்.

சாலைக் கடைத்தெருவில் வணிகம் செய்யும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு வார்த்தை. வணிகக் கடன் உள்ளவர் தம் பெயரில் டெர்ம் பாலிசி எடுக்கும்போது, 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின்கீழ் அதை எடுக்கலாம். விண்ணப்பத்தின்போதே அதற்கான படிவத்தை நிரப்ப வேண்டும். அந்தப் பாலிசிப் பணம் மனைவி, குழந்தைகளின் நலனுக்கான அறக்கட்டளையாகக் கருதப்படும். கடன்காரர்கள் அதில் கை வைக்க முடியாது. இதைக் கேட்டு எடுப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இருப்பாரோ என்பது ஐயமே. முகவர்களும் அரிதாகவே சொல்கிறார்கள்.

இனி, வேண்டாதவை. கடனற்ற வீட்டில், ஓய்வூதியம் பெற்றுக்கொண்டு, பிள்ளைகள் தம் காலில் நிற்கும் நிலையில் இருப்பவருக்குப் புதிய ஆயுள் பாலிசி எதுவும் தேவையில்லை. அவர் வருமானத்தை நம்பி யாரும் இல்லை என்னும்போது எந்த இழப்பை ஈடுசெய்வது? ஆனாலும் ஓய்வுபெற்ற பணம் கணக்கில் வரவான மறுவாரமே அவரைத் தேடிப் பலரும் வருகிறார்கள், எங்கள் கிளையிலிருந்தும் சிலர் வருவது உண்டு. ஐந்து ஆண்டு கட்டினால் போதும், வாழ்நாள் முழுவதும் வருமானம் என்பார்கள். வைப்பு வட்டியோடு ஒப்பிட்டு, நடுவில் நிறுத்தினால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுத்தில் கேளுங்கள். குழந்தையின் உயிருக்கு எடுக்கும் பாலிசியிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. குழந்தையின் படிப்புக்குக் காவல் தேவையென்றால் சம்பாதிக்கும் பெற்றோரின் உயிருக்கு அல்லவா எடுக்க வேண்டும்? நண்பர் பல ஆண்டு கட்டிய எண்டோமெண்ட் பாலிசிகள் மோசம் என்று நான் சொல்லவில்லை. அவை ஒழுங்கான சேமிப்பாக இருந்தன. பாதுகாப்பு என்ற பெயரில் விற்கப்பட்டதுதான் பொருந்தவில்லை. அந்தப் பிரீமியத்தின் மிகச் சிறிய பங்கு வீட்டுக் கூரையைக் காத்திருக்கும்.

மருத்துவக் காப்பீடு தனிக் கட்டுரைக்கு உரியது. வீடு வைத்திருப்பவர் கோணத்தில் மட்டும் சொல்கிறேன். மருத்துவமனைச் செலவுக்காக வீட்டுப் பத்திரத்தை ஏந்திக்கொண்டு வருவோரைப் பார்க்கும்போதுதான் அதன் அருமை தெரிகிறது. கேரள அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் 2022 ஜூலை 1 முதல் மெடிசெப் இருக்கிறது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 3 இலட்சம் ரூபாய் என்ற அளவில் வந்தது. அது அடித்தளம், அதன்மேல் டாப்-அப் பாலிசி ஒன்று குறைந்த பிரீமியத்தில் கிடைக்கும். தனியார் நிறுவன ஊழியர்கள் அலுவலகக் காப்பீட்டை மட்டும் நம்பக் கூடாது. வேலை போகும் நாளில் அதுவும் போகும். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் 36 மாதம். நோயை மறைக்காமல் எழுதுங்கள். ஆயுள் பாலிசியை மூன்று ஆண்டுக்குப் பின்னும், மருத்துவப் பாலிசியை, மோசடி நிரூபணமானால் தவிர, 60 மாதத் தொடர்ச்சிக்குப் பின்னும் நிறுவனம் கேள்வி கேட்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் இடையிலுள்ள ஆண்டுகளில்தானே நமக்கு ஏதேனும் நேர்ந்துவிடுகிறது?

விபத்துக்கு என்று பெரிய பாலிசி எடுக்க வசதி இல்லாதவர்கள், வங்கிக் கணக்கு இருந்தாலே கிடைக்கும் இரண்டு திட்டங்களை விட்டுவிட வேண்டாம். பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு 2 இலட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தருகிறது. வயது 18 முதல் 70 வரை. ஜீவன் ஜோதி பீமா யோஜனா 436 ரூபாய்க்கு 2 இலட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு. 50 வயதுக்குள் சேர வேண்டும். இரண்டும் ஜூன் 1 முதல் மே 31 வரை. மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இல்லாததால் புதுப்பிக்கப்படாமல் போகும் பெயர்களின் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் எனக்கு வருத்தம் தருகிறது. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் கணக்கிலும் இதைச் சேர்த்துக் கொடுக்கும் வாடிக்கையாளர்கள் சிலர் எங்கள் கிளையில் இருக்கிறார்கள்.

மீண்டும் பலாமரத்துக்கு வருகிறேன். அதன் சொந்தக்காரரான பக்கத்து வீட்டு மாமி, அடுத்த வாரம் தாமே கிளைக்கு வந்தார். மரம் தம்முடையது என்ற சங்கடம் ஒருபுறம்; தம் வீட்டின்மேல் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பயம் மறுபுறம். “எனக்கும் அந்தப் பாலிசி வேண்டும்” என்றார். வீடு யார் பெயரில் என்று கேட்டேன். “மாமனார் பெயரில். அவர் போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது” என்றார். கணவரும் இப்போது இல்லை.

கோட்டையைச் சுற்றியுள்ள தெருக்களிலும் கரமனையிலும் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். கில்லேஜ் ஆபீஸில் போக்குவரவு செய்யாமல், வரி மட்டும் யாரோ கட்டிக்கொண்டு, இறந்தவர் பெயரிலேயே நிற்கும் வீடுகள். காப்பீட்டுக்கு இது பெரிய தடை. ஒரு பொருள் சேதமானால் பண இழப்பு அடைபவர்தாம் அதற்குக் காப்பீடு எடுக்க முடியும். வாரிசுகளுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் இழப்பீடு கேட்கும் நாளில் பத்திரம், வரி ரசீது, வாரிசுச் சான்று என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். இடிந்த சுவருக்கு முன் நின்றுகொண்டு மும்பையிலும் சென்னையிலும் இருக்கும் பங்காளிகளிடம் கையெழுத்துத் தேடுவது எளிதன்று. வாரிசுகள் அனைவர் பெயரையும் சேர்த்துப் பாலிசி எடுப்பதும், போக்குவரவை முடித்துவிடுவதும் நல்லது. அக்கிரகார வீடுகளில் இரு வீட்டுக்கும் ஒரே சுவர் என்பதால், பக்கத்து வீட்டார் பாலிசி எடுத்துவிட்டார்கள் என்று நாம் சும்மா இருக்கவும் முடியாது. அவர்கள் பாலிசி நம் கூரையைக் காக்காது.

சேதம் நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியவை எளியவை, பதற்றத்தில் மறந்துபோகிறவை. உடனே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். எதையும் அகற்றுமுன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். ஆபத்தான பகுதியைத் தவிர மற்றவற்றை, சர்வேயர் பார்க்கும்வரை அப்படியே விடுங்கள். கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, கொச்சியிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் செல்லலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை.

நண்பர் வைப்பை முறித்துக் கூரையைச் செப்பனிட்டுவிட்டார். புதிய வீட்டுப் பாலிசிக்கும் கையெழுத்திட்டார். சுற்றுச்சுவரையும் குறிப்பிட்டு எழுதச் சொன்னார். கழக்கூட்டத்து மருமகளின் டெர்ம் பாலிசிக்கு மருத்துவப் பரிசோதனை முடிந்துவிட்டது. எங்கள் கிளையில் இப்போது வீட்டுக் கடன் முடியும் ஒவ்வொரு கடிதத்தோடும், வீட்டுப் பாலிசி முடியும் தேதியைச் சிவப்பு மையில் எழுதி ஒரு துண்டுச் சீட்டு இணைத்துக் கொடுக்கிறோம். அது எங்கள் கிளையின் சொந்த ஏற்பாடு. மற்றக் கிளைகளிலும் கேட்டு வாங்கலாம்.

மாமியின் விண்ணப்பம் மட்டும் என் இழுப்பறையில் காத்திருக்கிறது. மும்பையிலுள்ள மைத்துனரின் கையெழுத்து வர வேண்டும். துலாவர்ஷம் தொடங்குமுன் வந்துவிடும் என்று நேற்றும் தொலைபேசியில் சொன்னார்.